ஐஸ்கிரீம் கரண்டியும் எட்டு முழ வேட்டியும்

முதலிலேயே குட்டை உடைத்துவிடுகிறேன். இந்தப் படங்களில் ஒரு பறவைகூடக் கிடையாது. கரண்டிமூக்கு உள்ளானின் அலகு, கப் ஐஸ்கிரீமோடு தரும் மரக்கரண்டி. அதன் கால், விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கு. மாடிச் சுவரை அடைத்துச் சிறகு விரித்திருக்கும் வெண்முதுகுப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு, முழுக்க முழுக்கத் தென்னங்கீற்று. அதன் கழுத்தோரத்து மென்மயிர், கறிக்கடை பாய் "இதையா கேக்குறீங்க?" என்று சிரித்துக்கொண்டே அள்ளிக் கொடுத்த கோழி இறகு. கேமரா? அதுவும் கிடையாது. லென்ஸ், பிலிம், மெமரி கார்டு ஒன்றும் கிடையாது. ஒரு பக்கெட் தண்ணீர், மாசி மாத வெயில், பழைய சாமி படத்திலிருந்து கழற்றிய கண்ணாடி, இரண்டு ரசாயனம். இத்தனை தில்லுமுல்லுக்குப் பிறகும் சுவரில் மாட்டியதும் பறவை பறவையாகவே நிற்கிறதே, அதில்தான் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாருங்கள், மேலே போய் எப்படி என்று பார்த்துவிடலாம். படி கொஞ்சம் செங்குத்து, பார்த்து ஏறுங்கள்.

காரைக்காலில் மொட்டை மாடிக்கென்று ஒரு தனி மரியாதை உண்டு. ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளில் நின்றுதான் மாம்பழம் வீசுவோம். கீழே கூட்டம் துள்ளித் துள்ளிப் பிடிக்கும். மற்ற நாட்களில் அதே மாடியில் வடகம், வற்றல், துவைத்த துணி. எங்கள் வீட்டு மாடியில் மட்டும் இப்போது கூடுதலாக ஒரு போட்டோ ஸ்டூடியோ. மாடியறை ஜன்னலுக்குப் பழைய குடைத்துணியில் திரை. உள்ளே மஞ்சள் ஜீரோ வாட் பல்பு. எனக்கு அசிஸ்டென்ட், ஒன்பதாவது படிக்கும் அக்கா பையன். கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, பாட்டில் லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்தவன் கண்ணை விரித்தான்.

"சித்தி, இது சயனைடா?"

"சயனைடு இல்லடா, ஃபெர்ரிசயனைடு. கத்தாதே, கீழே அம்மாச்சிக்குக் கேட்டுச்சுன்னா மாடியையே பூட்டிடுவாங்க."

பயமுறுத்தும் பெயர்தான், ஆனால் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு அப்படியொன்றும் கொடிய சரக்கு அல்ல. இரும்பு அதில் சயனைடை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். கெட்டி அமிலத்தோடு சேர்த்தாலோ சூடாக்கினாலோதான் விஷவாயு கிளம்பும். ஆகவே அடுப்படிக்கும் பாத்ரூம் ஆசிட்டுக்கும் எட்டாத இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு வேலை. இன்னொரு பாட்டிலில் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட். இதை உங்கள் வீட்டிலேயே யாராவது குடித்திருப்பார்கள்: கர்ப்பிணிகளுக்கு எழுதித் தரும் சில இரும்புச்சத்து டானிக்குகளில் இருப்பது இதுதான். அது 100 மில்லி தண்ணீரில் 25 கிராம், ஃபெர்ரிசயனைடு 100 மில்லியில் 10 கிராம். இரண்டையும் தனித்தனியே கரைத்து, தேவைப்படும்போது சம அளவு கலக்க வேண்டும். பெயிண்ட் அடிக்கும் பிரஷ்ஷால் தடிமனான டிராயிங் தாளில் ஒரு முறை குறுக்காக, ஒரு முறை நெடுக்காகப் பூச வேண்டும். மஞ்சளும் பச்சையுமான ஒரு நிறம் வரும். பார்க்க ஒன்றும் விசேஷமாக இருக்காது. இருட்டிலேயே காயவைத்துவிட்டுத் தூங்கப் போய்விடலாம்.

விசேஷமெல்லாம் மறுநாள் பதினொரு மணிக்கு மேல்தான். தாளின் மேல் கரண்டி, ஈர்க்கு, இறகு, கீற்று எல்லாவற்றையும் அடுக்கி, மேலே கண்ணாடியை வைத்துத் துணிக் கிளிப்பால் கவ்விப் பிடித்து, வெயிலில் ஒரே வைப்பு. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டதும் சிட்ரேட்டில் உள்ள இரும்பு குணம் மாறி ஃபெர்ரிசயனைடோடு கூடி நீலமாகிறது. பிரஷ்யன் நீலம் என்று ஓவியர்கள் சொல்லும் அதே நிறமி. கண்ணெதிரே பச்சை கறுக்கும், கறுப்பு சாம்பலாகும், கடைசியில் வெண்கலப் பாத்திரத்து மினுக்கு ஒன்று வரும். பத்து நிமிஷம்கூட ஆகாது, காரைக்கால் வெயில் அந்த விஷயத்தில் தாராளம். பிறகு ஓடிப்போய்ப் பக்கெட்டில் முக்க வேண்டும். அக்கா பையனுக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான். மஞ்சள் சாயம் கரைந்து ஓட ஓட, பொருள் மறைத்திருந்த இடமெல்லாம் வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் நீலமாகவும் திறந்துகொள்ளும். கோழி இறகின் ஒவ்வொரு இழையும் தனித்தனியே தெரியும். தாளோடு ஒட்டிக் கிடந்த இழை சுத்த வெள்ளை, சற்றே தூக்கி நின்ற இழை இளநீலம். காய்ந்த பிறகு காற்றுப் பட்டு ஒரு நாளுக்குள் நீலம் இன்னும் ஆழமாகும். அவசரக்குடுக்கைகள் மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி நாலு சொட்டு விட்டால் அந்த நிமிஷமே கருநீலம். நாங்கள் அவசரக்குடுக்கைகள்.

"என்னடி இது, சொட்டு நீலத்தைக் கொட்டிட்டீங்களா?" என்றபடி அம்மா மேலே வந்தார். இல்லை என்று விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, காய்ந்துகொண்டிருந்த ஒரு துணிப் படத்தை அழுக்குத் துணி என்று எடுத்துப்போய் சோப்புத்தூளில் ஊறவைத்துவிட்டார். எடுத்தபோது மங்கலான மஞ்சள் கறைதான் மிச்சம். காரம் பட்டால் இந்த நீலம் நிற்காது. சோப்பு, வாஷிங் சோடா எல்லாமே இதற்கு எதிரி. எங்கள் பக்கத்து போர் தண்ணீரே உப்பும் சுண்ணாம்புமாக இருப்பதால் கழுவும் பக்கெட்டில் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்கிறோம். ஒரு விதத்தில் அம்மா எங்களுக்கு உதவியும் செய்தார். வெளுத்த அந்தத் துணியைக் கெட்டித் தேயிலைத் தண்ணீரில் போட்டோம். தேயிலைத் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு, சேற்று நிறத்தில் படம் திரும்ப வந்தது. சேற்றுக்கரைப் பறவைக்கு அந்த நிறம் நீலத்தைவிடப் பொருத்தம் என்பது என் கட்சி. அக்கா பையன் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த நீலப்பட முறைக்கு வயது 180-க்கு மேல். வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்து சயனோடைப் என்று பெயர் வைத்தார். அவருடைய குடும்ப நண்பரின் மகள் அன்னா அட்கின்ஸ் அடுத்த ஆண்டே கடற்பாசிகளைத் தாளில் கிடத்தி வெயிலில் வைத்துப் புத்தகம் போடத் தொடங்கிவிட்டார். புகைப்படங்களோடு வந்த உலகின் முதல் புத்தகம் அதுதான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. ஒவ்வொரு பிரதியின் ஒவ்வொரு பக்கமும் கையால் பூசி, வெயிலில் காட்டி, கழுவியது. பாசியின் பெயர்கூட அவர் கையெழுத்தில், நீலத்தில் வெள்ளையாக இருக்கும். பத்தாண்டு இந்த வேலையைச் செய்தார். இங்கிலாந்து வெயிலில்! எங்கள் வெயில் கிடைத்திருந்தால் அந்த அம்மாள் ஒரு நூலகத்தையே நிரப்பியிருப்பார். பிறகு பெரணிகள், பூக்கள் என்று போய் மயிலிறகையும் விட்டுவைக்கவில்லை. நீலத் தாளில் வெள்ளை மயிலிறகு: இருக்கிற நிறத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வந்த மயில்.

பொறியாளர்களின் புளூபிரிண்ட்டும் இதே சயனோடைப்தான் என்பது உபரித் தகவல். கட்டட வரைபடம் ஏன் நீலத்தில் வெள்ளைக் கோடாக இருந்தது என்ற கேள்விக்கு இப்போது விடை கிடைத்திருக்கும்.

நம் பக்கத்திலும் கேமராவைத் தொடாமல் இயற்கையைத் தாளில் இறக்கும் ஆசை அப்போதே இருந்தது. 1857-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசு அச்சகத்தைச் சேர்ந்த ஹென்றி ஸ்மித், செடிகளையே அச்சாகப் பயன்படுத்தி ஒரு மாதிரிப் புத்தகம் வெளியிட்டார். 1862-இல் மங்களூரில் பாசல் மிஷன் அச்சகத்துக்காக ஹுன்சிகர் என்பவர் தென்னிந்தியச் செடிகளை அதே வழியில் அச்சிட்டார். இதில் ஒளிக்கு வேலை இல்லை. செடியின் அழுத்தமும் மையும்தான். ஆனாலும் குறும்பு ஒன்றேதான்: வரைபவன் நடுவில் வராமல் இலையே தன்னை எழுதிக்கொள்ள வேண்டும். அதே காலத்தில், 1858-இல், புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் பெட்டி பெட்டியாகக் கேமராச் சாமான்களைச் சுமந்து வந்து தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அவர் படங்கள் புகழ்பெற்றுவிட்டன. ஸ்மித்தின் இலைகளை இன்று யாருக்கும் தெரியாது. எனக்கு ஸ்மித்தின் மேல்தான் கொஞ்சம் பாசம்.

சரி, இலையை வைக்கலாம், பாசியை வைக்கலாம். பறவையை எப்படி வைப்பது? கேமரா இல்லாத படத்துக்குப் பொருள் தாளைத் தொட்டாக வேண்டும். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் உள்ளானைப் பிடித்துக் கண்ணாடிக்கடியில் படுக்கவைக்கவா முடியும்? உதிர்ந்த இறகைப் பொறுக்கலாமே என்பீர்கள். அதுவும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பறவையின் இறகை வைத்திருப்பதும் குற்றம். தானாக உதிர்ந்த மயிலிறகுக்கு மட்டும் விலக்கு. கரையில் கிடந்த இறகை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்ட அக்கா பையனை, எடுத்த இடத்திலேயே போடவைத்துத்தான் கூட்டி வந்தேன். "மயிலுக்கு மட்டும் என்ன சித்தி ஸ்பெஷல்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தான். நல்ல கேள்விதான்.

ஆக, எங்கள் கலையின் மொத்த அழகும் இந்தத் தட்டுப்பாட்டில்தான் பிறந்தது. பறவை கைக்கு வராது. வரவும் கூடாது. கோழி இறகு, கீற்று, ஈர்க்கு, மரக்கரண்டி என்று வீட்டில் கிடப்பதைக் கூட்டி அதன் நிழலைத் திருட வேண்டும். இது ஏமாற்று வேலைதான். ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை.

கரண்டிமூக்கு உள்ளானிடமிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் அதுதான் எங்கள் கதாநாயகன். சிட்டுக்குருவி பருமன், அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 15 சென்டிமீட்டர் போல. ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியான சுகோட்காவில் முட்டையிட்டு, குளிருக்குத் தென்கிழக்காசியக் கரைகளுக்கு வரும். உலகம் முழுக்கத் தேடினாலும் சில நூறுதான் இருக்கும். மிக அபாயகரமான நிலை என்று சிவப்புப் பட்டியல் சொல்கிறது. குஞ்சு முட்டையிலிருந்து வெளியே வரும்போதே அலகு கரண்டியாகத்தான் இருக்குமாம். இதைக் கேட்டதும் அக்கா பையன் தரையில் உருண்டு சிரித்தான். இந்தக் குட்டி ஆசாமி 1980-களில் எங்களுக்குத் தெற்கே கோடியக்கரையில் தென்பட்டிருக்கிறது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் தாண்டினால் கோடியக்கரை. கிட்டத்தட்ட நம்ம ஊருக்கு வந்த விருந்தாளி!

ஐஸ்கிரீம் கரண்டி அப்படியே சரிப்படாது, அளவு ரொம்பப் பெரிது. நகவெட்டியால் ஓரத்தைக் கொறித்துக் கொறித்து, உப்புத்தாளில் தேய்த்து, சுண்டுவிரல் நகத்தளவு கரண்டி நுனியைக் கொண்டுவந்தோம். கழுத்துக்குக் கோழியின் மார்பு மயிர், முதுகுக்குச் சிறகு மயிர் நாலைந்து. கண்ணுக்கு ஒரு கடுகு. வயிறு வெள்ளையாக இருக்க வேண்டுமே என்று கறுப்புச் சார்ட்டை வெட்டி அடியில் வைத்தேன். கறுப்பை வைத்தால் வெள்ளை வரும், வெளிச்சத்தை விட்டால் இருள் வரும். இந்தத் தலைகீழ்க் கணக்கு பிடிபட இரண்டு நாள் மண்டை காயும், பிறகு எதைப் பார்த்தாலும் நீலமும் வெள்ளையுமாகத்தான் தெரியும். காலில் ஒரு சின்ன ரகசியம் உண்டு. ஈர்க்கின் நடுவில் சாக்லேட் ஜிகினாத்தாளை மயிரிழை அகலத்துக்கு வெட்டிச் சுற்றியிருக்கிறோம். படத்தில் அது பறவை ஆய்வாளர்கள் மாட்டும் வளையமாகத் தெரியும்.

அந்த வளையத்துக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவையியல் அறிஞர் சாலிம் அலி காலத்திலிருந்தே பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. மெல்லிய வலையில் பிடித்து, எடைபோட்டு, இறக்கை அளந்து, காலில் அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிடுவார்கள். பம்பாயில் உள்ள கழகத்துக்குத் தகவல் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்து, கூடவே ஒரு எண். உலகின் ஏதோ ஒரு மூலையில் யாராவது அந்தப் பறவையைக் கண்டு எழுதிப்போட்டால்தான் அது எங்கே போய் வந்தது என்று தெரியும். கோடியக்கரை 1967-இல் சரணாலயமானது, 2002-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அந்தக் காட்டின் மரங்களை முறித்துப்போட்டது. பறவைகள் அடுத்த பருவத்திலும் வந்தன. அவற்றுக்குக் காட்டைவிட உப்பளச் சேறுதானே முக்கியம்.

இன்னொரு செய்தி, இது குஷியான செய்தியல்ல. 2024 அக்டோபரில், சிவப்புப் பட்டியலைப் போடும் ஐ.யு.சி.என். ஒரே வீச்சில் 16 கரையோரப் பறவையினங்களை அபாயப் படியில் மேலே ஏற்றியது. அலகு நுனி வளைந்த உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் அதில் உண்டு. வளைந்த அலகுக்காரர் கோடியக்கரைச் சேற்றில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குபவர். அரிதானவை என்று நாம் நினைத்த பறவைகள் குறைவதைவிட, சாதாரணம் என்று நினைத்த பறவைகள் குறைவது எனக்கு அதிகப் பதற்றம் தருகிறது. இதை அப்பாயியிடம் சொன்னபோது, "உள்ளானா? அந்தக் காலத்துல கூடையில வச்சு வாசல்லயே வித்துட்டுப் போவாளுவ. மொளகு போட்டு வறுத்தா அப்பிடி இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த அக்கா பையன் தன் உள்ளான் படத்தை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

வளைந்த அலகுக்காரருக்கு வேறு உத்தி. அரசலாறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு விடிகாலையில் போனால், அலையாத்திச் செடிகளின் ஓரமாகச் சேற்றுத் திட்டில் பறவைகள் மேய்ந்துகொண்டிருக்கும். அவை மேய்ந்து முடித்துத் தாமாக நகரும்வரை தள்ளி நின்று காத்திருப்போம். விரட்டக் கூடாது, சைபீரியாவுக்குப் பறக்க வேண்டிய கொழுப்பை அவை அந்தச் சேற்றில்தான் சேர்க்கின்றன. போன பிறகு, பத்திரமாக ஓரம் தேய்த்த கண்ணாடித் துண்டைக் காலடித் தடத்துக்கு மேலே நாலு கூழாங்கல்லில் நிறுத்தி, கறுப்பு மார்க்கரால் தடத்தைக் கண்ணாடியிலேயே வரைந்துவிடுவோம். வீட்டுக்கு வந்து அதே கண்ணாடியைப் பூசிய தாளின் மேல் வைத்தால் தடம் அதே அளவில், அதே இடைவெளியில், வெள்ளையாக இறங்கும். நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும் அதில் எத்தனை சேதி இருக்கிறதென்று. உப்புக்கொத்தி ஓடும், நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். பெரும்பாலும் மூன்று விரல் முன்னால், பின்விரல் அடையாளமே இருக்காது. உள்ளானுக்குப் பின்னால் ஒரு சிறு புள்ளி விழும். அதோடு அலகால் குத்திக் குத்திப் புழு தேடிய துளைகள், தையல் மிஷின் ஓட்டியதுபோல வரிசை வரிசையாக. எந்த உள்ளான் என்று காலடியை மட்டும் வைத்துச் சாதிக்க முடியாது, அதனால் அந்தப் படங்களுக்கு இனப்பெயர் எழுதுவதில்லை. இடமும் பொழுதும் மட்டும். எனக்கு மிகப் பிடித்தவை இந்தப் படங்கள்தான், கோழி இறகுப் படங்களில் இல்லாத ஒரு நேர்மை இவற்றில் இருக்கிறது.

மேகன் ரிப்பன்ஹாஃப் என்ற அமெரிக்கக் கலைஞர் பூசிய தாளைக் கடலிலேயே நனைத்து, அலையும் மணலும் உப்பும் தாமே படம் எழுதட்டும் என்று விட்டுவிடுவார். நீலத்தில் நுரை சிதறி நிற்கும் அந்தப் படங்கள் கொள்ளை அழகு. அக்கா பையனுக்கு உடனே கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரைக்கு ஓட வேண்டும். ஆனால் உப்புக்கொத்தி மேயும் கரையில் நானே ரசாயனத்தைக் கரைப்பது எனக்கு ஒப்பவில்லை. குடத்தில் கடல்தண்ணீர் கொண்டுவந்து மாடியில் ஊற்றிப் பார்த்துக்கொள் என்றேன். ஊற்றினான். அலை வரவில்லை, மாடி வழுக்கியதுதான் மிச்சம். ஆடம் ஃபஸ் என்றொருவர் பறவைகள் சிறகடிக்கும் நிழலையே நேராக ஒளித்தாளில் விழவைத்தவர். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2010-இல் கேமரா இல்லாப் படக்காரர்கள் ஐந்து பேரைச் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தது, அவரும் அதில் இருந்தார். அவருக்கு இருட்டறை, மின்னல் விளக்கு எல்லாம் உண்டு. எங்களுக்கு ஜீரோ வாட் பல்பு.

இப்போது பெரிய சாமி வருகிறது. வெண்முதுகுப் பாறு சிறகு விரித்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும். அதைச் சின்னத் தாளில் சுருக்கினால் பாவம் என்று எனக்குத் தோன்றியது. அந்த அகலத்துக்குத் தாளுக்கு எங்கே போவது? அப்பாவின் எட்டு முழ வேட்டி! மூன்றரை மீட்டருக்கு மேல் சுத்தப் பருத்தி. கஞ்சி போகும்வரை அலசி, இரவில் மாடியறையில் கொடி கட்டி, பிரஷ்ஷால் முழுக்கப் பூசி, மறுநாள் பகலில் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தோம். தென்னங்கீற்றின் ஓலைகளை ஒவ்வொன்றாகக் கிழித்து, நீளம் பார்த்து, சிறகின் பெரிய இறகுகளாக அடுக்க வேண்டும், அதுவும் வெயில் வேட்டியைத் தின்னத் தொடங்குவதற்குள். கீழே தெருவில் மீன் கூடையோடு போன அக்கா அண்ணாந்து பார்த்து, "யாருக்கும்மா பந்தல்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மதியம் கடல்காற்று எழும்பினால் எல்லாம் பறந்துவிடும், ஆகவே பன்னிரண்டுக்குள் முடித்தாக வேண்டும். நாலு மூலைக்குச் செங்கல். அதனால் படத்தின் நாலு மூலையிலும் செங்கல் நிழல் வெள்ளையாக நிற்கிறது. எடுக்க மனமில்லை, விட்டுவிட்டோம். கழுவிக் கொடியில் போட்டபோது இரண்டு மீட்டர் பாறு காற்றில் சிறகடித்ததைப் பார்த்து அம்மாவே கைதட்டிவிட்டார்.

பாறு எங்கள் பக்கத்துக்கு அந்நியர் அல்ல. இங்கிருந்து வடமேற்கே, மயிலாடுதுறைக்கும் சீர்காழிக்கும் நடுவில் வைத்தீஸ்வரன்கோயில். புள்ளிருக்குவேளூர் என்ற பழைய பெயரில் இருக்கும் புள், ராமாயணத்துப் பாறான ஜடாயு. கோயிலுக்குள் ஜடாயு குண்டம் இருக்கிறது, திருநீறு தருகிறார்கள். கோயிலில் பாறு இருக்கிறது, வானத்தில் இல்லை. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டின் உடல் வழியே பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கவைத்தது. 2004-இல்தான் காரணம் இதுவென்று உறுதியானது, 2006-இல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தது. அதற்குள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் போய்விட்டன. தமிழ்நாட்டில் இன்று பாறைப் பார்க்க மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம், முதுமலை, சத்தியமங்கலம் என்று மலையோரம் போக வேண்டும்.

பாறுகளில் மஞ்சள்முகப் பாறுக்கு மட்டும் நீலம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. திருக்கழுக்குன்றத்தில் தலைமுறை தலைமுறையாக உச்சிவேளையில் வந்து பிரசாதம் உண்டுபோன பறவை அது; போன நூற்றாண்டு முடியும் தறுவாயில் வருவதை நிறுத்திக்கொண்டது. மஞ்சள் முகத்துக்கு மஞ்சளையே பூசினால் என்ன? வெள்ளை வேட்டியில் சாம்பார் பட்ட கறையை வெயிலில் காயப்போட்டால் போய்விடும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததா? அதுதான் இந்தப் படத்தின் மொத்த விஞ்ஞானமும். மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கரைத்து வடிகட்டித் தாளில் பூச வேண்டும். மேலே பாறின் உருவத்தை வெட்டி வைத்துச் சில மணி நேரம் வெயில். சுற்றிலும் வெளுத்துவிடும், மறைத்த இடம் மட்டும் மஞ்சளாக நிற்கும். செடிச்சாற்றில் இப்படிப் படம் எடுக்கலாம் என்பதையும் 1842-இல் ஹெர்ஷலே சொல்லிவிட்டார். அந்த மனிதர் சும்மாவே இருந்ததில்லை போலிருக்கிறது. கடைசியில் சமையல் சோடா கரைத்த தண்ணீரை லேசாகத் தெளித்தால் குங்குமச் சிவப்பு கிளம்பும். பாறின் தலையோரத்தில் மட்டும் ஒரு சொட்டு விட்டோம். அக்கா பையன் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு மாடியைச் சுற்றி ஓடினான்.

ஒரே சிக்கல், இந்தப் படத்தை நிலைநிறுத்த மருந்து கிடையாது. வெளிச்சத்தில் வைத்தால் மிச்ச மஞ்சளும் போய்விடும். சயனோடைப் நல்ல பிள்ளை. வெயிலில் வெளிறினாலும் கொஞ்ச நாள் இருட்டில் வைத்தால் நீலம் திரும்பிவிடும். மஞ்சள் படத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கறுப்பு உறையில் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறோம். வருபவர்களுக்கு ஒரு நிமிஷம் காட்டிவிட்டு உடனே உறைக்குள். எத்தனை பேர் பார்க்கிறார்களோ அத்தனை நிமிஷம் அதன் ஆயுள் குறையும் என்று அக்கா பையன் கணக்கு வைத்து, சொந்தக்காரர்களில் யாருக்குக் காட்டலாம் யாருக்குக் கூடாது என்று ஒரு பட்டியலே போட்டுவிட்டான். பட்டியலில் என் பெயர் எந்தப் பக்கம் என்று இன்னும் சொல்லவில்லை.

படங்கள் சுவருக்கு ஏறிய பிறகு தெருவில் பேச்சு பரவிவிட்டது. எதிர்வீட்டு மாமா ஒருநாள் மாடிக்கே வந்து, வேட்டிப் பாறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிம்மா. சனிக்கிழமை திருநள்ளாறு போறேன். சனீஸ்வரனுக்குக் காக்காதான் வாகனம். நம்ம வீட்டுக்கு ஒரு காக்கா போட்டுக் கொடேன்" என்றார்.

"மாமா, இங்க அழிஞ்சுக்கிட்டு வர்ற பறவைக்கு மட்டும்தான் இடம். காக்கா நல்லா இருக்கு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. காக்கா இல்லாம சனிப்பெயர்ச்சியை எப்படிம்மா தாங்குறது?"

மறுக்க முடியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குக் காக்கா, பிறகு பாம்புத்தாராவும் ஆற்று ஆலாவும். ஆலாவின் பிளவுபட்ட வாலுக்கு இரண்டு தாழை ஓலை பார்த்து வைத்திருக்கிறேன், முள்ளை மட்டும் சீவ வேண்டும். வர விருப்பம் இருப்பவர்கள் பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், கடல்காற்று யாருக்காகவும் காத்திருக்காது. வரும்போது ஆளுக்கொரு பழைய வேட்டி கொண்டுவாருங்கள். கஞ்சி எடுத்ததாக இருக்கட்டும், சோப்புப் போட்டு அலசியதாக வேண்டாம்.